பயணம் சொல்ல வந்த பாய்

புதுச்சேரியிலிருந்து அதிக முறை வெளிநாட்டுக்குக் கிளம்பியவர் யாரென்றால், சாரம் பகுதியில் எங்கள் தெரு முனையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் பயணம் பாய்தான். இதுவரை அவர் விமானத்தில் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு எதிர்வீடு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிள்ளைகள் எல்லாம் பாரிசில். பாயின் தாத்தாவோ அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டாமென்று விட்டவர். அந்த ஆற்றாமையில் பாய் பூர்வீக நிலத்தை விற்று, ஐரோப்பாவில் ஒரு நாட்டில் முதலீடு செய்து, தனக்கும் மனைவிக்கும் குடியிருப்பு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். "ஆறே மாசம் தம்பி" என்றார். அப்போது எல்கேஜி போன என் மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள்.

நெடும்பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது இஸ்லாமியர் வழக்கம். விண்ணப்பம் போட்டுத் தந்த ஏஜெண்ட் 'அடுத்த மாசம் அனுமதி வந்துடும்' என்று சொன்ன அன்றே பாய் ஆரம்பித்துவிட்டார். பொதுவாகக் கேட்டிருக்கலாம். மனுஷர் விவரமாகக் கேட்டார்.

"தம்பி, ஒங்க முருங்க மரத்த ஆள் வெச்சு வெட்டுனது நான்தான். கட போர்ட மறைச்சுது. மன்னிச்சுடுங்க."

அந்த மரத்துக்காக நான் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சையே நிறுத்தியிருந்தேன். போகிறவரிடம் என்ன சண்டை? "பரவால்ல பாய், நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன். ரிப்பேர் பார்த்த ஸ்டெபிலைசரைப் புதுசென்று விற்றதை சொல்தா தாத்தாவிடம் சொன்னார். தாத்தா கட்டிப்பிடித்து அழுதே விட்டார்.

அனுமதி வரவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. மறுவாரம் தாத்தா ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

"மிசியே, நீ போறேன்னுதான மன்னிச்சேன்? போவலல்ல? புதுப் பொட்டி குடு!" கோபத்திலும் பிரெஞ்சு 'ஐயா'வை அவர் விடவில்லை.

பாய் அசரவில்லை. ஏஜெண்ட் நல்ல வார்த்தை சொல்லும்போதெல்லாம் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் தெருவின் பழைய மர்மங்கள் எல்லாம் அப்படித்தான் துலங்கின.

அவர் மனைவியைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அக்காவுக்கு ஐரோப்பா வேண்டாம். மூலக்குளத்தில் வாங்கிப்போட்ட மனையில் காற்றோட்டமாக ஒரு வீடு போதும். கடைக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறையில் அவருக்கு மூச்சு வாங்கும்.

"அஸ்திவாரமாச்சும் போடுங்களேன்" என்பார்.

"கெளம்பப் போற நேரத்துல யாராச்சும் வீடு கட்டுவாங்களா?" என்பார் பாய்.

போன மழைக்காலத்தில் மூச்சுத் திணறி அக்கா இறந்துபோனார். சில வாரம் கழித்து அனுமதி வந்தது, இரண்டு பேருக்கும்.

அன்று மாலை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கசங்கிய கைலி, சவரம் செய்யாத முகம். பயணம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"ஊருல எல்லார்ட்டயும் மன்னிப்பு கேட்டேன் தம்பி. அவ கூடத்தான வரப் போறா, அவகிட்ட எதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார்.

பயணம் சொல்ல வந்தபோதெல்லாம் போயிட்டு வாங்க என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பிய நான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயும் போவாதீங்க பாய்" என்றேன்.