மூன்றாம்படிப் பெரும்போர்

வாழ்க அவன் தலைக்கவசம்! வாழ்க அவன் கூர்ம்பேனா! மூன்று திங்களுக்கொரு முறை, முதற்செவ்வாய் முற்பகல் பத்து மணிக்கு, படிவங்கள் செருகிய அட்டையை மார்போடணைத்து, ஆணித் தொழிற்சாலையின் வாயிலிற் புகும் பாதுகாப்புப் பரிசோதகப் பெருந்தகையை, ஊழியர் வாயில் ‘செக்கிங் சார்’ எனச் சுருங்கிய அம்மாவீரனை வணங்கி, சிரிப்பை முடிந்தமட்டும் அடக்கிக்கொண்டு இக்கதையைத் தொடங்குகிறேன்.

அன்று அவன் அழுத்தும் இயந்திரத்தின் காப்புக்கம்பியை அசைத்தான்; அசையவில்லை. சாணைக்கல்லின் மூடியை இழுத்தான், பெயரவில்லை. தீயணைப்பு உருளைகளின் முட்கள் யாவும் பச்சையில் நின்று பணிந்தன. குற்றம் ஒன்றுமின்றி வெறுங்கையோடு மீளுதல் வீரர்க்கு அழகோ? முகம் தொங்கிப்போய்க் கடைசியாக ஸ்டோருக்குள் நுழைந்தான்.

அங்கே வீற்றிருந்தாள் ஸ்டோர் அக்கா. நாலே முக்காலடி உயரமும் நாற்பதாள் குரலும் வாய்ந்தவள். பதினோராண்டாய் ஒரே மர ஏணியை ஊன்றி, கூரை முட்டும் தட்டுகளைத் தனியொருத்தியாய் ஆண்டவள். அவ்வேணி போனால், பேக்கிங் பகுதி நெட்டையனிடம் கெஞ்சி நிற்க வேண்டும். அவன் பெட்டியை எடுத்துத் தருவான், கூடவே ஒரு கிண்டலும் தருவான். அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும். சோதனை நாள்தோறும் அட்டைப்பெட்டிகளின் பின்னே ஏணியை ஒளிப்பவள், அன்று பார்த்துக் கிழமையை மறந்துபோனாள்.

பரிசோதகன் ஏணியை நோக்கினான். அக்கணமே அவள் விறுவிறுவென ஏறி நின்று முழங்கினாள்:

“ஏணி வேலையில இருக்கு சார்! வேலையில இருக்கறதைச் சோதிக்கக் கூடாதுன்னு நீங்கதானே போர்டு மாட்டினீங்க?”

தான் மாட்டிய பலகையே தன்னை மறிக்கக் கண்ட அப்பெருந்தகை கைகட்டிக் காத்து நின்றான். அவள் நட்டுப் பெட்டிகளைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். முக்கால் மணி நேரம் நீண்ட அப்பெரும்போரில் ஒரு தும்மலன்றி வேறோசை எழவில்லை. ஈற்றில் கால் மரத்துப்போய் இறங்கினாள் அக்கா. பாய்ந்தான் வீரன்:

“இந்தப் பழைய மர ஏணிக்கு இப்பவே சிவப்பு அட்டை கட்டுறேன் பாருங்க!”

அந்தோ! ‘பயன்படுத்தாதீர்’ எனும் அச்செவ்வட்டைகள் யாண்டுள? கண்டவர் கைபடாதிருக்க அவனே சென்ற ஆண்டு உச்சித்தட்டில் வைக்கச் சொன்ன டப்பாவில் உள. உச்சியை எட்ட உள்ள ஒரே வழி, அவ்வேணி.

“நான் எடுத்துத் தரமாட்டேன்” என்றாள் அக்கா.

ஏறினான். முதற்படி தாங்கிற்று. இரண்டாம்படி முனகிற்று. வலக்கால் மூன்றாம்படி நோக்கி எழுந்தது. அப்படியின் அடியில் விரிசல் ஓடுவதையும், அதைத் தாண்டியே தான் ஏறி வருவதையும் அறிந்தவள் அவள் ஒருத்தியே. தாங்கினாலும் தாங்கும், தாங்கிவிட்டால், சாரையே சுமந்த ஏணிக்கு அட்டை எதற்கென்று வாதாடி அதைப் பிழைக்க வைக்கலாம். ஆனால் சாரின் தொந்தி அவள் கண்முன் அசைந்தது. மனசு கேட்கவில்லை.

“சார்! மூணாவது படியில கால் வைக்காதீங்க! விட்டுப்போயிருக்கு!”

தன் ஏணிக்குத் தன் வாயாலேயே தீர்ப்புரைத்தவள் கண்கலங்கி நின்றாள். வீரனோ அவள் சொன்னபடியே அப்படியைத் தாண்டி ஏறி, அட்டையைக் கவர்ந்து, மீண்டும் தாண்டி இறங்கினான்.

“எவ்வளவு நாளாம்மா?”

“நாலு வருஷம் சார்.”

வென்றவன் முகத்தில் வெற்றியில்லை. ஈரேழுலகும் சாட்சியாக, செங்கதிர் நிகர் அட்டையை ஏணியின் நெஞ்சில் இறுக்கிக் கட்டினான்.

புது ஏணி வரும்வரை இதையே வைத்துச் சமாளிக்கும்படி அக்காவிடம் சொல்லிவிட்டு, அங்கே எட்டிப்பார்த்த மேலாளர் சாப்பிடப் போனார்.