பிஸ்கட் காணியும் சொக்லேட் வேலியும்

லண்டன் மாநகரத்தில், ஏன், நம்மவர் குடியேறிய எந்த ஊரிலும், ஒரு தட்டு இனிப்புக்குக் காணி உறுதிப் பத்திரம் முடித்த மனிதர் எங்கள் சேவையர் ஒருவர்தான். இதை மறுப்பவர்கள் இருந்தால் ஒரு சனிக்கிழமை காலை ஹரோத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். நான் எப்படியும் அங்கேதான் இருப்பேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

முதலில் என் அலுப்பைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மருந்துக்கடையில் நின்றபடி வேலை. வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வந்து காலை நீட்டினால், சனி விடிய மகனைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வகுப்பு. திரும்பிப் போகலாம் என்றால் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் பாதையில் வார இறுதியில் ஏதாவது திருத்த வேலை நடக்கும். ஆகவே பள்ளிக்கூட மண்டபத்தில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த கதிரையில், முழங்கால் நெஞ்சை முட்ட மூன்று மணித்தியாலம் குந்தியிருப்பேன்.

என்னைப்போல அங்கே கிடந்து காய்ந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பாமினி அக்கா. இருபது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். லண்டனில் மழை பெய்தாலும், "ஜேர்மனியில இப்பிடிப் பெய்யாது" என்பார். மற்றவன் சிவா. பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடித்து நேரே வருவான். வந்ததும் சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி நித்திரை. மூன்று பேரும் மூன்று மூலை. வருடக்கணக்கில் ஒரே மண்டபத்தில் இருந்தோம், ஒருவரோடொருவர் நாலு சொல் பேசியிருக்க மாட்டோம். பேச யாருக்குத் தென்பு இருந்தது?

நாலாவது மூலையில் சேவையர்.

சேவையர் என்றால் நிலம் அளக்கிறவர். ஊரில் அந்த உத்தியோகம் பார்த்தவராம். "சேவையர் இல்லை, சேவையருக்கு அளவுச் சங்கிலி பிடிச்ச ஆள்" என்று சிவா பின்னாளில் ஒரு கதை கட்டினான். எதுவாக இருந்தாலும் சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு அளவு நாடா இருக்கும். மண்டபத்துக்குள் வந்த முதல் நாளே கதவின் அகலத்தை அளந்துவிட்டு, "சட்டத்துக்கு ரெண்டு அங்குலம் குறைவு" என்று காவலாளியிடம் முறைப்பாடு செய்தவர். பேத்தி அபிக்குப் பதினாலு வயது. அவளை வகுப்பில் விட்டுக் கூட்டிக்கொண்டு போவதுதான் அவருக்கு மகள் வீட்டில் கொடுத்த ஒரே வேலை. மகளும் மருமகனும் காலை ஏழு மணிக்குப் போனால் இரவுதான் வீடு. "நான் ஆரோட கதைக்கிறது பிள்ளை? உடுப்புத் தோய்க்கிற மெசினோட கதைக்கிறன். அதுகூட முடிஞ்சோடனை பீப் எண்டு வாயை மூடுது. எனக்குக் கிழமையில ஒரு நாள்தான் நாள். அது சனி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அபி அவரை ஒருநாள் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே நாச்சோஸ் என்று, சீஸ் ஊற்றிய முக்கோணச் சோள வறுவல் வாங்கிக் கொடுத்தாளாம். அந்த மஞ்சள் சீஸ் குழம்பை, "சுவருக்கு அடிக்கிற பெயின்ற்" என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அந்த முக்கோண வடிவம் மனிதரின் நெஞ்சில் இறங்கிவிட்டது. "உலகத்தையே முக்கோணம் முக்கோணமாத்தான் பிள்ளை அளந்தவங்கள்!" என்றார். அதிலிருந்து வீட்டில் பிஸ்கட் மாவை மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, சூட்டோடு அடிமட்டம் வைத்துக் கோடு பிடித்து முக்கோணமாக வெட்ட ஆரம்பித்தார். அதை ஒரு பெரிய வட்டத் தட்டில் குவித்து, மேலே உருக்கிய சொக்லேட், ஸ்ட்ராபெரி, வாழைப்பழம், வறுத்த கஜுப் பருப்பு, பஞ்சுருண்டை மாதிரிக் குட்டி மாஷ்மெலோ, கடைசியாக வெல்லப்பாகு மாதிரியான கித்துள் பாணி. நடுவில் ஒரு கிண்ணம் நிறையக் கட்டியான ரின்பாலும் கிறீமும் அடித்த கலவை, தொட்டுச் சாப்பிட. இனிப்பு நாச்சோஸ்.

முதல் சனிக்கிழமை அந்தத் தட்டை மண்டபத்து நடுவில் வைத்து, "எடுங்கோ, எடுங்கோ" என்றார். நான் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன். பாமினி அக்கா இனிப்பை விட்டு இரண்டு வருடம் என்றார். சிவா நித்திரையிலேயே கையை அசைத்து வேண்டாம் என்றான். மூன்றும் பச்சைப் பொய். எனக்குப் பசியில் காது அடைத்தது. ஆனால் நாலு வீட்டு ஆட்கள் ஒரே தட்டில் கையை விடுவதா? எச்சில் அல்லவா? ஒருவரும் தொடவில்லை. ஒரு மணிக்கு மனிதர் முழுத் தட்டையும் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமையும் தட்டு வந்தது. இந்த முறை நடுக் கிண்ணத்திலிருந்து தட்டின் விளிம்பு வரை, விரல் உயரத்துக்கு நாலு கறுப்புச் சொக்லேட் வரம்புகள். சேவையர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கிழக்கால மருந்துக்கடைப் பிள்ளை. தெற்கால சிவா தம்பி. மேற்கால ஜேர்மன் பிள்ளை. வடக்கு என்ர. வேலி தாண்டி ஆரும் கை வைக்கப்படாது. நடுவில இருக்கிறது பொதுக்கிணறு. நாலு காணிக்கும் கிணற்றுப் பங்கு இருக்கு. ஒருக்கா முக்கின பிஸ்கட்டைத் திருப்பி முக்கினால் வழக்குத்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை, சிவா கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இருந்த நித்திரை எங்கே போனதோ. இரண்டு வருடம் இனிப்பை விட்ட பாமினி அக்கா ஸ்ட்ராபெரியில் ஆரம்பித்தார். நானும் என் காணியை உழுதேன். பத்து நிமிடத்தில் தட்டு வெளித்துவிட்டது. "பாத்தியளே, எங்கட சனத்துக்கு வேலி இருந்தாத்தான் பசிக்கும்" என்றார் சேவையர்.

வேலி வந்தால் சண்டை வராமல் இருக்குமா? மூன்றாம் கிழமையே வந்தது. சிவாவின் காணியில் குவியலின் உச்சியில் இருந்த மாஷ்மெலோ உருண்டு வேலி தாண்டி மேற்கே விழுந்தது. பாமினி அக்கா அதை எடுத்து வாயில் போட்டார்.

"அக்கா, அது என்ர!"

"என்ர வளவுக்குள்ள விழுந்தது என்ர. ஜேர்மனியில இதுக்குச் சட்டமே இருக்கு."

"இது ஹரோ அக்கா. சேவையர் ஐயா, நீங்க கேளுங்கோ!"

சேவையருக்கு முகம் பூத்துவிட்டது. நாடாவை இழுத்தார், வேலியின் உயரத்தை அளந்தார், உருண்ட பாதையை அளந்தார், சாட்சியாக என்னை விசாரித்தார். முக்கால் மணித்தியாலம் விசாரணை நடந்தது. கடைசியில், மரம் நின்றது தெற்கு, காய் விழுந்தது மேற்கு, ஆகவே மேற்குக்காரர் தெற்குக்கு அரைத் துண்டு வாழைப்பழம் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. பாமினி அக்கா மேன்முறையீடு செய்வேன் என்றார். நான் சிரித்த சிரிப்பில் அந்தச் சின்னக் கதிரையோடு பின்னால் விழுந்தேன். நான் கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. சனிக்கிழமை விடிந்தால், அலுப்பு அலுப்பாகவே இருக்கும், ஆனால் எழும்பிவிடுவேன். சேவையர் ஒவ்வொரு முறையும் நாடாவைத் தட்டின் விளிம்பில் வளைத்துப் பிடித்து, எங்கள் மூன்று பேரின் பங்கையும் அளந்து, "சரி சமன்" என்று அறிவித்துவிட்டுத்தான் சாப்பிட விடுவார்.

பிறகு அந்தக் கோதாரிச் சோதினை வந்தது. அபிக்கு இது கடைசி வருடம். தமிழ்ச் சோதினை சித்தியடைந்தால் வகுப்பு முடிந்தது. உலகத்திலேயே பேத்தி பெயிலாக வேண்டும் என்று நேர்த்தி வைத்த ஒரே மனிதர் சேவையர்தான். "ஒரு ரெண்டு கேள்வியையாவது பிழையா எழுதன் ராசாத்தி" என்று அவர் கெஞ்சியதை நான் என் காதால் கேட்டேன். அவளோ, "தாத்தா, யூ ஆர் சோ வியர்ட்" என்றுவிட்டு உள்ளே போனாள். முதல் தரத்தில் சித்தியடைந்தாள். சேவையர் செத்த வீட்டுச் செய்தி சொல்கிறவர் மாதிரி வந்து, "பெட்டை பாஸ் பண்ணிப்போட்டாள்" என்றார். சிவா அவருடைய தோளில் கை வைத்து, "மனதைத் தளர விடாதேங்கோ ஐயா" என்றான்.

விடுமுறை முடிந்து செப்டெம்பர் முதல் சனி. பத்து மணிக்கு வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு மழைத் தூறலில் சேவையர் நிற்கிறார். பதிவுப் பொறுப்பாக இருந்த பெண்பிள்ளை, கழுத்தில் அட்டையோடு, மறித்துக்கொண்டு நிற்கிறாள். பாவம், அவளிலும் பிழையில்லை. பிள்ளைகள் படிக்கிற கட்டடம், படிக்கிற பிள்ளையின் படிவத்தில் பெயர் இல்லாத ஆட்களை உள்ளே விடக்கூடாது என்பது சட்டம்.

"அப்ப என்னைச் சேருங்கோ. எனக்குத் தமிழ் தெரியாது எண்டு எழுதுங்கோ."

"ஐயா, நீங்க தமிழிலதானே கதைக்கிறியள்!"

"கதைப்பன். எழுத வராது. அ எண்டாலே எனக்கு நடுக்கம்."

"முதலாம் வகுப்பில அஞ்சு வயசுப் பிள்ளையள். அதுகளோட உங்களை இருத்த ஏலாது ஐயா. குறை நினையாதேங்கோ."

சேவையர் தட்டை ஒருமுறை பார்த்தார். "சரி. அப்ப இதை மட்டும் உள்ள குடுத்து விடுங்கோ. அந்த மூண்டு பேரும் காலமை சாப்பிடாமல் வந்திருப்பினம்" என்று தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நான் கதவடியில் நின்று பார்த்தேன். கூப்பிடத்தான் நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது?

தட்டை நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் சும்மா இருந்தோம். கடைசியில் சிவாதான், "வடக்குக் காணியை என்ன செய்யிறது? பிரிப்பமோ?" என்றான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அதே நினைப்புத்தான். பாமினி அக்கா, பிரிப்பதென்றால் முறையாகப் பிரிக்க வேண்டும் என்று கைப்பையைத் திறந்தார். தமிழ் வகுப்பு முடிய மகளுக்குக் கணித டியூஷன், ஆகவே கோணம் அளக்கிற பாகைமானி அங்கே இருந்தது. முதலில் எங்கள் காணிகளை அளந்தார். ஆளுக்குத் தொண்ணூற்றேழு பாகை. வடக்கை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை அளந்தார்.

"அறுபத்தொன்பது" என்றார்.

"பிழையாப் பிடிச்சிட்டியள் அக்கா. நாலும் தொண்ணூறா எல்லே இருக்கோணும்?"

சிவாவுக்குத் தட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிற பழக்கம். தன் ஃபோனில் பழைய படங்களைத் தேடினான். போன வைகாசி, போன மார்கழி, அதற்கு முந்தின ஐப்பசி. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வடக்குத்தான் ஒடுக்கம். இரண்டு வருடமாக அந்த மனிதர் எங்கள் மூன்று பேரின் பங்கை மட்டும் அளந்து காட்டியிருக்கிறார். தன்னுடையதை அளந்ததே இல்லை. நாங்களும் எங்கள் காணியைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"அவருக்கு நீரிழிவு, சீனி வருத்தமா இருக்கும்" என்றான் சிவா.

"விசரே உமக்கு? தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுறவர். நான் கண்டனான்" என்றார் பாமினி அக்கா.

சிவா ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு சொன்னான்: "எங்கட அப்பா ஒரு முழ வேலிக்குப் பதினெட்டு வருசம் கோட்டுக்கு அலைஞ்சவர் அக்கா. வேலியைத் தன்ர காணிக்குள்ள தள்ளிப் போட்ட ஆளை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

நான் எழும்பினேன். ஒரு கிழமை அலுப்பும் முழங்காலில் இருந்தது, ஆனாலும் எழும்பி நேரே அந்தப் பதிவுப் பெண்பிள்ளையிடம் போய், என் மகனின் படிவத்தைக் கேட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி உள்ளவர்கள் என்று ஒரு பகுதி. என் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடந்தது. பேனையை வைத்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. எனக்கு அவருடைய பெயர் தெரியாது! இரண்டு வருடம் அந்த மனிதரின் கையால் சாப்பிட்டிருக்கிறேன், பெயர் கேட்கவில்லை.

ஓடினேன். நான் ஓடி எத்தனை வருடம் என்று என் முழங்காலைக் கேளுங்கள். பஸ் வந்து நிற்கிறது, சேவையர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"ஐயா! உங்கட பேர் என்ன?"

"ஏன் பிள்ளை? வழக்குப் போடப் போறியே?"

"ஓம். இறங்குங்கோ!"

இறங்கினார். தகப்பன் பெயரோடு சேர்த்து, உறுதியில் எழுதுகிற மாதிரி முழுதாகச் சொன்னார். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம். பெயரை எழுதினேன். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். மாமா என்றால் பொய். தாத்தா என்றால் அபி சண்டைக்கு வருவாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்துக் காணி" என்று எழுதினேன்.

அந்தப் பெண்பிள்ளை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "உது என்ன உறவு அக்கா?"

"கிட்டின உறவு" என்றேன்.

உள்ளே சிவா நாலாவது கதிரையைத் துடைத்துப் போட்டிருந்தான். சேவையர் குந்தியதும் நாடாவை எடுத்து, எங்கள் மூன்று பேரின் பங்கையும் அளந்து, "சரி சமன்" என்றார். பாமினி அக்கா பாகைமானியைக் கைப்பைக்குள் தள்ளினார். அவர் தன் அறுபத்தொன்பது பாகையைச் சாப்பிட்டு முடிக்கும் வரை நான் என் காணியில் கை வைக்காமல் இருந்து, பிறகு நாலு முக்கோணத்தை எடுத்து வேலிக்கு மேலால் அவர் பக்கம் வைத்துவிட்டேன்.