மூட்டைப்பூச்சிப் பொடி

ரத்தினசாமி தூக்கிய காப்பி, வாய்க்கு வருவதற்குள் பாதி வேட்டிக்கு வந்துவிட்டது.

"பாத்தியா கண்ணு, என்ற கை ஆடுது!"

மகள் கமலாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ராத்திரி தூங்குனீங்களா?"

"மூட்டைப்பூச்சி உட்டாத்தானே! இது அந்த டி.டி.டி. பொடி பண்ற வேலை."

சித்தூரில் டப்பா வாங்கி வந்து கட்டிலெல்லாம் தூவியவர் அவரேதான். பூச்சி ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தப் பொடி மூச்சில் ஏறினால் நரம்பைப் பிடிக்கும், கைகால் ஆடும் என்று ஒரு கம்பவுண்டர் சொன்னதிலிருந்து மனிதர் பாதியாகிவிட்டார்.

"அந்தப் பொடியால ஒண்ணும் ஆகாதுங்கப்பா."

"உனக்கென்ன தெரியும்!"

இன்றைக்கென்று பார்த்து நல்லேப்பிள்ளியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அப்பனுக்கு நரம்பு நோய் என்றால் அந்த வீட்டில் பெண் எடுப்பார்களா? தாயில்லாப் பெண் வேறு. நினைக்க நினைக்க ஆட்டம் கூடியது.

பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமியிடம் ஓடினார். "பால் ஊத்தாம வறக்காப்பி குடிங்க, நரம்பு கெட்டியாகும்" என்றார் காளிச்சாமி. ஒரு சொம்பு குடித்தார். அதுவரை விரல்தான் ஆடியது. இப்போது முழங்கை வரை ஆடியது.

ஆத்திரத்தில் கட்டிலை இழுத்து வாசலில் போட்டு உதறினார். வெள்ளைப் பொடி வாசலெங்கும் பரவியது. கூட்டுவதற்குள் வண்டி வந்து நின்றது. வேறு வழியில்லாமல் அதே கட்டிலில் ஜமுக்காளத்தை விரித்து, வந்தவர்களை உட்கார வைத்து, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா குப்பண்ணன் காப்பியை வாங்கினார். தம்ளர் தடதடவென்று ஆடி, அவர் வேட்டியும் நனைந்தது.

"மறைக்கறதுக்கில்லீங்க" என்றார் பாவமாக. "மூட்டைப்பூச்சிக்கு டி.டி.டி. தூவுனனுங்க. நரம்புல ஏறிப்போச்சு. சம்பந்தம் வேண்டாம்னா சொல்லிப்போடுங்க."

ரத்தினசாமிக்கு வந்த சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஒளித்த கையை எடுத்து நீட்டினார். "எனக்குந்தானுங்க!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டிலே ஆடியது.

குப்பண்ணன் மனைவி ராமாத்தாள் அவர்களைப் பார்க்கவில்லை. கட்டில்காலில் சாரை சாரையாக வந்து வெள்ளைப் பொடியைத் தூக்கிப்போகும் எறும்புகளைப் பார்த்தாள். கதவோரம் முந்தானையால் வாயைப் பொத்தி நின்ற கமலாத்தாளைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க மாட்டாமல் கேட்டாள்:

"ஏஞ்சாமி மருமகளே, நீயும் என்னாட்டவே வெசத்தக் குழி தோண்டிப் பொதச்சுப்போட்டு, டப்பாவுல அரிசி மாவத்தான் போட்டு வெச்சயா?"