பெய்யலாம், பெய்யாமலும் விடலாம்

ஊருக்கு ஒருவர் இருப்பார். சில ஊர்களில் இரண்டு பேர் இருப்பார்கள்; அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. வானிலை சொல்கிறவரைப் பற்றித்தான் சொல்கிறேன். வானொலியில் சொல்கிறவர் அல்ல. அவருக்குச் சம்பளம் உண்டு, சொன்னது பிழைத்தால் ஏச்சும் உண்டு. நான் சொல்கிறவருக்கு இரண்டும் கிடையாது. யாரும் கேட்காமலே ஒருநாள் காலையில் தொடங்கியிருப்பார். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் நிறுத்தமாட்டார்.

பனிச்சங்கேணியில் இந்தப் பொறுப்பு கதிர்காமத்தம்பியிடம் இருந்தது. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கோவைகளை ஒரு மேசையிலிருந்து மற்ற மேசைக்கு நகர்த்தி ஓய்வு பெற்ற மனிதர், ஓய்வு பெற்ற மறுமாதமே மட்டக்களப்பின் வடக்குப் பக்க உள்நாடும் கரையோரமும் தன்னை நம்பித்தான் கிடக்கின்றன என்று முடிவுகட்டிவிட்டார். கைபேசியில் நான்கு செயலிகள். நான்கும் நான்கு விதமாகச் சொல்லும். நான்கையும் கூட்டி, நாலால் பிரித்து, கொஞ்சம் பயத்தையும் சேர்த்துக் கிண்டினால் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை இறங்கிவிடும்.

'கோடையின் ஆரம்பப் பகுதியில் உள்நாட்டில் ஆங்காங்கே பிற்பகல் வேளைகளில் இடியுடன் மழை பெய்யலாம். கரையோரத்தில் பெய்யாமலும் விடலாம். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசக்கூடும். வீசாவிட்டால் வெக்கை கூடுதலாக இருக்கும். மக்கள் அவதானமாக இருக்கவும்.'

இதில் ஒரு பிழை பிடியுங்கள் பார்ப்போம். பிடிக்க முடியாது. பெய்தால், "சொன்னனான்தானே" என்பார். பெய்யாவிட்டால், "விடலாம் எண்டும் போட்டிருக்கன், வடிவா வாசிங்க" என்பார். உள்நாட்டு வாகனேரியில் பெய்து கரையோர வாகரையில் பெய்யாமல் விட்டால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

மனிதர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, 'உனக்கு மழையைப் பற்றி என்னதான் தெரியும்?' என்று கேட்பார். 'ஆங்காங்கே தெரியும்' என்று பதில் வரும். மனைவி சுலோஜனா அவருடைய அறிக்கையை வாசிப்பதே இல்லை. உடுப்பு ஈரமாக இருந்தால் வெளியே போடுவாள், வானம் கறுத்தால் எடுப்பாள். அவர் ஓய்வு பெற்ற இந்தப் பதினொரு வருடமாக அந்த வீட்டில் ஒரு சட்டைகூட நனைந்ததில்லை என்பதை அவர் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. கரையில் நெத்தலி காயப்போட்டு விற்கிற அன்னப்பூரணி அவர் வீட்டுப் படலையடியில் வந்து நின்றாள்.

"அண்ணன், நாளைக்கு மழை பெய்யுமா?"

"உள்நாட்டுப் பக்கம் ஆங்காங்கே..."

"உள்நாடு கிடக்கட்டும். நான் நெத்தலி போடுற இடத்துக்குச் சொல்லுங்க."

"கரையோரத்தைப் பொறுத்தவரைக்கும்..."

"ஓமா இல்லயா, ஒண்டச் சொல்லுங்க அண்ணன். நாளைக்கு டவுனில கண் கிளினிக். மழைக்குப் பயந்து ரெண்டு தரம் போகாம விட்டுட்டன். இதையும் விட்டா மறுகா எந்தக் காலத்தில கூப்பிடுவாங்களோ தெரியா. இடது கண்ணால ஊசிக்கு நூல் கோக்க ஒண்ணாது. நெத்தலிய நாளைக்குக் காயவைக்காட்டி சனிக்கிழமை கருவாடு ஏத்த வாற முத்தலிப் நானாட லொறிக்குக் குடுக்க ஏலாது. போட்டுட்டுப் போகட்டா, இல்லாட்டி நிக்கட்டா?"

கதிர்காமத்தம்பிக்கு வியர்த்தது. பதினொரு வருடத்தில் அவரிடம் மழை கேட்டவர்கள் எல்லாம் நலம் விசாரிப்பது போலக் கேட்டவர்கள். பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு போய் ஒரு காரியம் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். அவர் கைபேசியைத் திறந்தார். இரண்டு செயலிகளில் முகில், ஒன்றில் வெயில், நாலாவது தன்னைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டது. அன்னப்பூரணியோ மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் பாவமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படி நம்பி அவரை யாரும் பார்த்ததில்லை.

"பெய்யாது, தங்கச்சி. நீங்க போயிற்று வாங்க" என்றார்.

அடுத்த நாள் அவள் விடியக் கரையில் பழைய வலையை விரித்து, நெத்தலியைப் பரப்பிவிட்டு முதல் பஸ் ஏறினாள். எட்டு மணிக்குக் கதிர்காமத்தம்பி தொப்பியோடு கரைக்கு வந்துவிட்டார். எதற்காம்? சும்மா பார்க்க. பத்து மணிக்கு மேற்கே ஒரு முகில் தெரிந்தது. உள்ளங்கையளவு முகில். அதற்குள் அவர் இடியைக் கேட்டார், நனைந்து நாறும் நெத்தலியைக் கண்டார், வெறுமையாகத் திரும்பும் லொறியைக் கண்டார், குழுவில் நூற்றெழுபது பேரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதையும் கண்டார்; கண்டவர் வீட்டுக்கு ஓடி, சூடடிக்கும் காலத்தில் நெல்லை மூடுகிற கறுப்புப் படங்கை இழுத்து வந்து, நெத்தலி முழுவதையும் பொத்தி மூடி, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் பக்கத்தில் காவலுக்குக் குந்தினார்.

முகில் தன்பாட்டில் போய்விட்டது. திறந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தாலும் வரலாம் அல்லவா? நண்பகலில் கச்சான் எழும்பிச் சுட்டது. படங்கில் கை வைக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு ஒரு மணம் வந்தது. பக்கத்து ஆற்றில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்தார். காகங்கள் அப்படி நினைக்கவில்லை. வரிசையாக வந்து உட்கார்ந்தன.

மூன்றரைக்கு அன்னப்பூரணி வந்தாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு வந்தவளுக்கு மூக்குத்தான் முதலில் செய்தி சொன்னது. படங்கின் ஒரு மூலையைத் தூக்கினாள். குப்பென்று ஆவி வந்தது. நெத்தலி அவிந்து களியாகிக் கிடந்தது.

"இஞ்ச மழை பெஞ்சதா, அண்ணன்?"

"இல்ல."

"அப்ப இத ஆர் மூடின?"

"நான்தான். ஒரு முகில் வந்திச்சு."

"பெய்யாதெண்டு நீங்கதானே சொன்ன?"

"ஓம்."

அவள் படங்கின் மூலையைக் கீழே விட்டாள். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் உங்கட சொல்ல நம்பித்தான் டவுனுக்குப் போனன். நீங்க நம்பல்லயா?" என்றாள்.

கதிர்காமத்தம்பிக்கு வெட்கத்தில் காது சுட்டது. இரண்டு சொட்டாவது பெய்து தொலைத்திருக்கக்கூடாதா என்று வானத்தைப் பார்த்தார். அது துடைத்து வைத்ததுபோல இருந்தது. அன்று மாலை சுலோஜனா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அவரே மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டி நெத்தலியைப் புதைத்தார். சனிக்கிழமை லொறி வந்தது. அன்னப்பூரணியிடம் நிற்காமலே போனது.

லொறி போன அதே காலையில், ஐந்தரைக்கு, பழக்கதோசத்தில் அவர் விரல் தட்டியது இது: 'நேற்றைய எதிர்வுகூறல் நூறு வீதம் சரியாக அமைந்தது.' பொய்யும் இல்லை. நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டி வாழ்த்தினார்கள். வாழ்நாளில் முதன்முதலாகத் திட்டமாகச் சொன்ன ஒன்று பலித்ததற்கு மறுநாள், அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. பரீட்சைக்குப் போன பிள்ளையிடம் 'நீ பாஸ்தான், பயப்படாத' என்று சொல்லிவிட்டு, பிள்ளை படலையைத் தாண்டியதும் அடுத்த தவணைக்கு விண்ணப்பம் எப்போது என்று விசாரித்தவர் யார்? 'கடையைத் துணிஞ்சு தொடங்கு, நான் இருக்கன்' என்று தம்பியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் ஊரெல்லாம் போய் அவனுக்கு வேலை தேடியவர் யார்? எல்லாம் அக்கறையில்தான், தெரியும். கதிர்காமத்தம்பிக்கும் அக்கறைதான். இப்போதும் உங்கள் சொல்லை நம்பி யாரோ ஒருவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அவர் திரும்பி வருவதற்குள் நீங்கள் போட்ட படங்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். மணக்கத் தொடங்கியிருக்கும்.