ஸ்காபரோ வாவிக்கரையில் ஒரு ரஷ்ய இளவரசர்

ஜார் மன்னரின் ஆட்சி எப்போதோ கவிழ்ந்துவிட்டதாகப் படித்தவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். தொண்ணூறுகளில் அது கனடாவின் ஸ்காபரோ வாவிக்கரையில் ஞாயிறு பின்னேரங்களில் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் யால்டா அண்ணை.

புலமைப்பரிசிலில் மொஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போன மனுசன். ஒரு கோடை விடுமுறையில் கருங்கடலோரத்து யால்டாவுக்குப் போய், அந்தக் காலத்துப் பிரபுக்கள் அங்கே உலாவிய கதைகளைக் கேட்டார். பொறியியல் அத்தோடு அறுந்தது. ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இளவரசர். கொளுத்தும் வெயிலிலும் நீண்ட ஓவர்கோட், தொப்பி, கைத்தடி.

“ஆர் அண்ணை உங்களை இளவரசர் ஆக்கினது?” என்று கேட்டேன்.

“இளவரசருக்கு இன்ரர்வியூ வைக்கிறேல்லை, தம்பி.”

பிரபுக்கள் கடலுக்குப் போனது குளிக்க அல்ல, தங்களைக் காட்ட என்பது அவருடைய சித்தாந்தம். சிறியவர்தான் முதலில் தொப்பி கழற்ற வேண்டும். பெரியவர் கண்டும் காணாமல் போனால் சிறியவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த வருடம் மாப்பிள்ளை கிடையாதாம். பிளாசாவில் மரக்கறிக்கடை வைத்திருந்த கந்தையா அண்ணைக்குக் கோமான் பட்டம் கிடைத்தது. இன்சூரன்ஸ் விற்ற ரவி எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் விசிட்டிங் கார்ட் நீட்டுவான். யால்டாவிலும் அப்படித்தான் என்று அவனைப் பிரபு ஆக்கினார். வீடு வீடாகப் பீட்சா கொண்டோடிய நான் வெறும் லெப்டினன்ட்.

“உது கடல் இல்லை அண்ணை, வாவி” என்றான் ரவி.

“தண்ணியை ஆர் பாத்தது? நீ ஆக்களைப் பார்.”

ஒருநாள், “கோழி மணக்கிற இடத்திலை கோமாட்டி எப்பிடி நடப்பா?” என்று நாங்கள் கரையில் கோழி சுட்டுக்கொண்டிருந்த அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். அணைத்துவிட்டு, வெந்தவரையில் போதும் என்று ஒரு கோழிக்காலை எடுத்துக் கடித்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை நானும் ரவியும் குடியிருந்த பேஸ்மென்றுக்கு வந்தார். கோட் இல்லை, அந்த அதட்டலும் இல்லை. அவருடைய மனைவி மங்களக்கா அந்தக் கிழமைதான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்.

“நாளைக்கு அவவைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வாறன். இஞ்சை எனக்கொரு மதிப்பிருக்கெண்டு போனிலை சொல்லிப்போட்டன்.”

“நீங்கள் கோப்பை கழுவுறது அவவுக்குத் தெரியுமோ?” என்றேன்.

“இன்னும் சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா மதிச்சுக் காட்டினால், பிறகு மெல்லமாச் சொல்லலாம்.”

அவர் போனதும் ரவி, “நாளைக்கு ‘கோப்பை எல்லாம் முடிஞ்சுதோ அண்ணை’ எண்டு கேட்டா என்ன?” என்றான். கேட்கக்கூடியவன்தான்.

ஞாயிறு இருவரும் வந்தார்கள். மங்களக்கா சேலையும் புதுச் சப்பாத்துமாகக் கூச்சத்தோடு நடந்தார். நான் பேஸ்போல் தொப்பியைக் கழற்றிக் குனிந்தேன். ரவியும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தான். மங்களக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“உவையளுக்கு என்ன பிடிச்சிருக்கு?” என்று கணவரைக் கேட்டார். அண்ணையின் முகம் செத்துப்போனது.

அப்போது கந்தையா அண்ணை எதிரே வந்தார். அவரிடம் தொப்பி இல்லை. மடித்துக் கட்டியிருந்த சாரத்தைச் சட்டென்று கணுக்கால்வரை இறக்கிவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

மங்களக்காவின் சிரிப்பு நின்றது. ஊரில் சாரம் யாருக்காக இறங்கும் என்று அவருக்குத் தெரியும். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கணவரோடு ஒட்டி நடந்தார். கொஞ்சத் தூரம் போனதும் அண்ணை கோப்பை விஷயத்தை மெல்லமாகச் சொல்லியிருக்க வேண்டும். “அதுக்கென்ன, வீட்டிலையும் கழுவுங்கோ” என்ற மங்களக்காவின் குரல் எங்கள்வரை கேட்டது.

“நல்லா நடிச்சியள்” என்றான் ரவி, கந்தையா அண்ணையிடம்.

“நடிக்கேல்லையடா. ஆளைக் கண்டவுடனை கை தானாப் போச்சுது.”

யால்டா அண்ணைமேல் எனக்கும் அவ்வளவு மதிப்புத்தான். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனதுதான் பிழை.