உருகி உறைந்த கொடுவா மீன் குழம்பு

சமையல் பக்கம் எழுதும் ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

வல்லத்திராக்கோட்டையிலிருந்து, கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன் மரியாதையோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டும். இங்கே நானும் என் மகனும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

மிஞ்சிய மீன் குழம்பை ஆறவைத்து, இறுக மூடி ஃப்ரீசரில் வைத்தால் தாங்கும், ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என் மனைவி அமுதவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கடலோரத்து மணமேல்குடிக்காரி. "மீனப் பத்தி இந்தம்மா எனக்குச் சொல்லுதாக்கும்" என்றாள். நான் அங்கிட்டு நகர்ந்ததும் தாங்கள் சொன்னபடியே செய்தாள். மகன் சந்தோஷ்குமார் மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போது மீன்பிடித் தடைக்காலமாக இருக்கும், நல்ல மீன் கிடைக்காது என்று முன்கூட்டியே கொடுவா வாங்கிக் குழம்பு வைத்து, நாங்கள் தின்றது போக மிச்சத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி வைத்தாள். அவன் வருவதற்குள் நெஞ்சுவலி வந்து அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மகன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். பிளைட் கிடைக்க ரெண்டு நாளாகும் என்றான். பக்கத்து வீட்டு ராசு, பிணம் வைக்கிற ஃப்ரீசர் பெட்டியைத் திருமயத்திலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்தான். அதற்குப் பெரிய பிளக். எங்கள் வீட்டில் அந்த அளவுக்கு இருப்பது ஃப்ரிட்ஜ் மாட்டியிருக்கும் பாயின்ட் மட்டும். "சித்தப்பா, இத உருவிக்கிறவா" என்று கேட்டான். "உருவுப்பா" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் குழம்பா ஞாபகம் வரும், நீங்களே சொல்லுங்கள். மகன் வந்து கொள்ளி வைத்து, சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ராசு பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொறுப்பாக ஃப்ரிட்ஜையும் மாட்டியிருக்கிறான். ரெண்டு நாள் உருகிக் கிடந்த குழம்பு மறுபடி கல்லாகிவிட்டது.

கருமாதி வரைக்கும் வீட்டில் கவுச்சி சேர்க்கவில்லை. நேற்று அதுவும் முடிந்து, சொந்தக்காரர்கள் கறிச்சோறு சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அப்புறம்தான் மகன் ஃப்ரீசரைத் திறந்தான். "எனக்குன்னுதானப்பா வச்சிருக்கு" என்றான். கெட்டுப்போயிருக்கும்டா என்றேன். "ஐஸா இருக்கறது எப்படிப்பா கெடும்" என்கிறான். பிளக்கை உருவிய கதையைச் சொன்னால், நான் லேட்டா வந்ததாலதானே என்று உட்கார்ந்து அழுவான். தின்னக் கொடுத்தால் ஆஸ்பத்திரி. கொட்டினால், அவள் கையால் வைத்த கடைசிச் சாப்பாட்டைத் தெருநாய் நக்கும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆகவே அம்மா, தளதளவென்று கொதிக்கவிட்டால் அதிலுள்ள விஷம் முறியுமா? புளி தூக்கலாகத்தான் விட்டிருக்கிறாள், அது காப்பாற்றுமா? பதில் வரும்வரை டப்பாவை அவன் தொட விடமாட்டேன், இது உறுதி. தங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும், தங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆத்மநாதன்

பி.கு.: பதில் வேண்டாம். நான் தபால் கவர் தேடிய நேரத்தில் அவன் அதைச் சுடவைத்துவிட்டான். வாசனை சரியில்லை. பிளக் விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன், "தெரியும்ப்பா, ராசண்ணன் சொல்லிருச்சு" என்று சோற்றில் ஊற்றினான். அவனைத் தனியாகத் தின்னவிட மனமில்லாமல் நானும் தட்டெடுத்து உட்கார்ந்தேன். இப்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவன் கொல்லைப்பக்கம் போய் வாந்தியெடுக்கிறான். நடுவில், "அம்மா கொழம்பு ஒண்ணும் செய்யாதுல்லப்பா" என்று கேட்கிறான். ஒண்ணும் செய்யாதுடா என்று நானும் இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.