அசையாமல் பிடித்த ஆன்டெனா

இந்த வீட்டு இன்டர்நெட்டை ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று சபதம் செய்தேன்.

என் மனைவி கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தே பாடம் நடத்தும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கம்ப்யூட்டரில் நடந்த முதல் பேட்டி ஊற்றிக்கொண்டது. இத்தனைக்கும் அவள் யோசித்த இடங்களிலெல்லாம் நான் கேமராவுக்குள் தலையை நீட்டிப் பதில் எடுத்துக் கொடுத்தேன். அப்படியும் வேலை கிடைக்கவில்லை என்றால் குற்றம் யாருடையது? இன்டர்நெட்டுடையது. இன்டர்நெட்டுக்காக நாங்கள் வைத்திருந்த, சிம் போட்ட ரவுட்டர் பெட்டிக்கு வீட்டுக்குள் சிக்னல் எட்டவே இல்லை.

இன்னொரு கம்பெனி பேட்டிக்குக் கூப்பிட்டதும், வெளியே மாட்டும் ஆன்டெனா வாங்கி வந்தேன். ஒரே திசையை உற்றுப் பார்க்கும் ரகம். வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் கேபிளோடு இரண்டு இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று நானே முடிவு செய்து, ஒன்றைப் பரணில் போட்டேன்.

"எந்தப் பக்கம் திருப்பப் போறீங்க?"

"அதோ நிக்குதே, பெரிய டவர்! கண்ணு தெரியலையா?"

"அது நம்ம சிம் கம்பெனி டவர் இல்லைங்க. பின்பக்கம் துணி காயப்போடற மூலையிலதான் என் ஃபோன் கட் ஆகாம பேசுது."

"துணி காயப்போடறதும் டெக்னாலஜியும் ஒண்ணா?"

"சரிங்க. நீங்க சொன்னா சரி."

கல்யாணமான எவனும் அந்தச் 'சரி'யில் உஷாராகியிருப்பான். நான் ஆகவில்லை.

பேட்டி நாள். மாடியில் நான் ஆன்டெனா கட்டிய கம்பத்தைத் திருப்ப, கீழே ஜன்னலிலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"வந்துருச்சா?"

"இல்லைங்க!"

"இப்போ?"

"கொஞ்சம் இடது பக்கம்... ஐயோ போச்சு... ஆங், வந்துருச்சு! அப்படியே பிடிங்க! பேட்டி முடியற வரைக்கும் அசையாதீங்க! விட்டீங்க, என் வேலை போச்சு!"

பிடித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மூக்கு அரித்தது; சொறியவில்லை. ஒரு காக்கை கம்பத்தில் உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தது. அதை விரட்டக்கூட இல்லை. மனைவியின் எதிர்காலமே என் கையில் அல்லவா இருந்தது!

"வேலை கிடைச்சிருச்சுங்க!"

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பெட்டியைத் தட்டிக்கொடுக்கப் போனேன். மாடியிலிருந்து வந்த என் கேபிளின் முனை சோபாவுக்கு அடியில் அநாதையாகக் கிடந்தது.

பெட்டியில் செருகியிருந்தது வேறொரு கேபிள். அது சமையலறை ஜன்னல் வழியாக வெளியேறி, துணிக்கொடிக் கம்பத்தில் கட்டியிருந்த என் பரண் ஆன்டெனாவில் போய் முடிந்தது. என்ன கட்டு! இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மழைத்தண்ணீர் இறங்காதபடி இணைப்பில் டேப் வேறு சுற்றியிருந்தாள். எனக்கு அது தோன்றியே இருக்காது. நிஜமாகவே பெருமையாக இருந்தது.

"இதை எப்போ கட்டின?"

"நேத்து. நீங்க மத்தியானம் தூங்கறப்ப."

"நேத்தே சிக்னல் வந்துருச்சுன்னா, என்னை எதுக்கு மாடியில நிக்க வச்ச?"

ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க கீழ இருந்தா, இந்தத் தடவையும் அவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் நீங்கதானேங்க பதில் சொல்லியிருப்பீங்க!"